எட்டு நாள், ஆறு வீடு: உறவினர்களைப் பார்க்க எடுத்த வாடகை வேன்

இந்த மே மாதம் தாம்பரத்திலிருந்து புறப்பட்டு, கும்பகோணம், காரைக்குடியை அடுத்த கோட்டையூர், மதுரை, பாளையங்கோட்டை, நாகர்கோவில், திருச்சி ஆகிய ஊர்களில் இருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் பார்த்துவர, பன்னிரண்டு இருக்கைகள் கொண்ட குளிர்சாதன வேன் ஒன்றை ஓட்டுநரோடு எட்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். எங்கள் பகுதியில் நான்கைந்து வேன்களை மட்டும் வைத்துத் தொழில் நடத்தும் ஒருவருடைய வண்டி அது. சுற்றுலா வேன்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். சொந்தபந்தங்களைப் பார்ப்பதற்கென்றே வேன் எடுப்பவர்களுக்கு என்ன தேவைப்படும் என்று யாரும் விளக்கமாக எழுதி நான் படித்ததில்லை என்பதால், எங்களுக்குக் கிடைத்த நல்லதையும் கெட்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சுற்றுலாவுக்குப் போகும் வண்டி பகலெல்லாம் ஓடும். உறவினர் வீட்டுக்குப் போகும் வண்டி பெரும்பாலும் நிற்கும். அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருப்போம், பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியப்பா மகன் செய்தி கேட்டு வந்துவிடுவார், காபி போடுவார்கள், பழைய புகைப்படப் பெட்டி வெளியே வரும், மணி நாலரை ஆகிவிடும். அந்த இரண்டரை மணி நேரத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். ஆகவே நிற்கும் நேரத்தை முகம் சுளிக்காமல் தருகிற வண்டியா, மணிக்கணக்கைச் சொல்லி நம்மை எழுப்பிவிடுகிற வண்டியா என்பதை வைத்தே இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன். இருக்கையின் மெத்தையும் பாட்டுப் பெட்டியும் அதற்குப் பிறகுதான்.

முதலில் ரயிலில் போவதாகத்தான் எண்ணியிருந்தோம். பயண நாளுக்கு அறுபது நாள் முன்பாகத்தான் முன்பதிவு திறக்கிறது. கோடை விடுமுறையில் தென்மாவட்ட ரயில்களில் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். ஒன்பது பேருக்கு, அதில் என் அம்மாவுக்கும் மாமியாருக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்கும்படி, ஊருக்கு ஊர் தனித்தனியாகச் சீட்டு எடுப்பது நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை. அதைவிட, ஒரு வீட்டில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்க ஆசைப்பட்டால் ரயில் நமக்காகக் காத்திருக்காது என்பதே எங்கள் முடிவைத் தீர்மானித்தது.

வாடகைக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். நான் விசாரித்த நான்கு இடங்களில் மூன்று இடங்கள் கிலோமீட்டர் கணக்கில்தான் பேசின. கிலோமீட்டருக்கு 22 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர், ஓட்டுநருக்குப் பேட்டா (அன்றாடப் படி) நாளொன்றுக்கு 600 ரூபாய், சுங்கக் கட்டணம் தனி என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு நாளைக்கு 300 வீதம் 2,400 கிலோமீட்டருக்கான பணத்தை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், நாம் தந்தாக வேண்டும். கும்பகோணத்திலிருந்து கோட்டையூருக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரைக்கு 90, பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு 80 என்று போகிற பயணத்தில் பல நாள்களில் அந்த முந்நூறில் பாதியைக்கூட வண்டி தொடாது. நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது மொத்தம் ஓடியிருந்தது 1,684 கிலோமீட்டர்தான். கிலோமீட்டர் கணக்கில் எடுத்திருந்தால் பேட்டாவையும் சேர்த்து 57,600 ரூபாய் ஆகியிருக்கும்.

நாங்கள் எடுத்தது நாள் வாடகைக்கு. டீசல் எங்கள் பொறுப்பு. நாளொன்றுக்கு 3,500 வீதம் 28,000, டீசலுக்கு 16,050, பேட்டா 4,800 என்று மொத்தம் 48,850 ரூபாய் செலவானது. சுங்கக் கட்டணம் இரண்டு முறையிலும் தனிதான். எட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் மிச்சமானது ஒருபுறம் இருக்க, வண்டி ஒரு முற்பகல் முழுவதும் அத்தை வீட்டு வாசலில் நின்றாலும் மனத்துக்குள் மீட்டர் ஓடாது என்ற நிம்மதிதான் பெரிது. திருப்பதிக்குப் போய் ஒரே நாளில் திரும்புகிறவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருத்தமாக இருக்கலாம். உறவினர் வீடுகளில் தங்கித் தங்கிப் போகிறவர்கள் நாள் வாடகைக்கே பேச வேண்டும். பேசும்போது ஒரு நாள் என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டிக்காரர் நள்ளிரவு பன்னிரண்டு மணியை எல்லையாகச் சொன்னார். எட்டாம் நாள் இரவு பதினொன்று இருபதுக்கு வந்து இறங்கினோம். இன்னும் நாற்பது நிமிடம் தாமதித்திருந்தால் ஒன்பதாம் நாளுக்கும் பணம் தர நேர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெரிந்தவர் ஒருவர் தம் சொந்த வேனைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். வெள்ளை எண் பலகை வண்டி. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையும் அதற்குரிய பெர்மிட்டும் வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில் வாடகைக்குப் போய் வழியில் விபத்து நேர்ந்தால், பயணிகளுக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமுண்டு. இரண்டு மூதாட்டிகளையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற நாங்கள் அதற்குத் துணியவில்லை. மஞ்சள் பலகை வண்டிக்காரரிடமும் பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), காப்பீடு மூன்றின் நகலையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தோம். அவர் கோபித்துக்கொள்ளாமல் அன்று மாலையே கைப்பேசிக்கு அனுப்பிவைத்தார். அந்த இடத்திலேயே எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், சாய்வு இருக்கைகள் நன்றாகவே இருந்தன. உறைகள் துவைத்துப் போட்டவை. கடைசி வரிசைக்குக் குளிர்காற்று சரியாக எட்டவில்லை. பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தார்கள். படிக்கட்டுதான் உண்மையான குறை. முழங்கால் வலியுள்ள எழுபத்தாறு வயதுப் பெண்மணி ஏறுவதற்கு அது மிக உயரம். வண்டி வாசலில் வந்து நின்ற அதிகாலையில் அம்மா அந்தப் படியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். ஓட்டுநர் இறங்கி வந்து, தம் இருக்கைக்கு அடியில் கயிற்றால் கட்டி வைத்திருந்த ஒரு மரமணையை அவிழ்த்து எடுத்தார். இரண்டு விரற்கடைக் கனமுள்ள பலகை. நான்கு குட்டைக் கால்கள். கால்களின் அடியில் வழுக்காமலிருக்கப் பழைய டயர் துண்டுகளை ஆணியடித்திருந்தார். அதைப் படிக்குக் கீழே வைத்து, ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “என் தோளைப் பிடிச்சுக்குங்கம்மா” என்றார். எட்டு நாளும், தேநீருக்கு நின்ற இடங்களில்கூட, நாங்கள் கேட்காமலே அந்த மணை கீழே வந்துவிடும். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தம் தாயாருக்காகச் செய்ததாம், அவர் மறைந்த பிறகு வண்டியிலேயே வைத்துக்கொண்டாராம்.

முதல் நாளே அவருடைய பொறுமைக்குச் சோதனை வந்தது. விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி வழியாகக் கும்பகோணம் போகிற சாலையில் பண்ருட்டியில் பலாப்பழக் கடைகளைக் கண்டதும் அக்காவின் கணவர் நிறுத்தச் சொன்னார். அங்கே அரை மணி. பிறகு வடலூர் வந்தபோது, மாமியார் தருமசாலையைப் பார்க்க வேண்டும் என்றார். 1867-இல் வள்ளலார் ஏற்றிய அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவர் யார் எவர் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். முப்பது ஆண்டுகளாக மாமியார் மனத்தில் இருந்த ஆசை அது என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. நாங்கள் பந்தியில் உட்கார்ந்தபோது ஓட்டுநரும் எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது நேரமாகிவிட்டது என்று நான் வருத்தம் தெரிவித்ததற்கு, “வண்டி எதுக்குக்கா இருக்கு” என்று மட்டும் சொன்னார். எட்டு நாளில் ஒரு முறைகூட அவர் ஹாரன் அடித்து எங்களை எந்த வீட்டிலிருந்தும் அழைக்கவில்லை. இந்தச் சேவைக்கு நான் தரும் முதல் பாராட்டு அதற்குத்தான்.

கும்பகோணத்தில் அத்தை வீட்டுத் தெருவுக்குள் வேன் நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டுப் பெட்டிகளை அவரே இரண்டு நடையாகக் கொண்டுவந்து வைத்தார். பழைய ஊர்களுக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கோட்டையூரில் அந்தத் தொல்லை இல்லை. செட்டிநாட்டுத் தெருக்கள் அகலமானவை.

ஓட்டுநர் இரவில் எங்கே தூங்குவார் என்ற கேள்வியை நாங்கள் வண்டி பேசும்போது கேட்கவில்லை. உரிமையாளரும் சொல்லவில்லை. இந்தப் பயணத்தில் நடந்த பெரிய பிழை இதுதான், அதில் எங்களுக்கும் பங்குண்டு. கும்பகோணத்தில் அத்தை எங்களுக்கு முன்பாகவே அவருக்கு மாடியறையில் பாய் போட்டுக் கொடுத்துவிட்டார். கோட்டையூரில் என் தோழியின் வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வெயில் காலத்திலும் குளிர்ந்திருக்கும். அங்கே நன்றாகத் தூங்கினார். மதுரையில் தம்பி குடியிருப்பது இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. ஒன்பது பேர் போய் நின்றதும் வீடு நிறைந்துவிட்டது. ஓட்டுநர், “நான் பார்த்துக்கிறேன்” என்று கீழே போய்விட்டார். சித்திரைத் திருவிழா முடிந்து சில நாள்களே ஆகியிருந்த, காற்றே இல்லாத அந்த இரவில் அவர் வண்டியின் கண்ணாடிகளைத் திறந்துவைத்துக்கொண்டு, கொசுக்கடியில் விடியும்வரை விழித்திருந்திருக்கிறார்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். கீழே வந்து அவர் கண்களைப் பார்த்த என் கணவர், யாரும் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பியின் மனைவி கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே பாயை விரித்து, பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஓட்டுநர் ஒன்பது மணிவரை தூங்கினார். பத்து மணிக்குப் பிறகுதான் புறப்பட்டோம். நாளுக்கு 600 ரூபாய் பேட்டாவில் சாப்பிட்டு, ஊருக்கு ஊர் அறை எடுத்துத் தங்க எந்த ஓட்டுநராலும் முடியாது. ஒன்பது உயிர்களைச் சுமந்து நான்குவழிச் சாலையில் போகிறவருக்கு உறக்கம் கிடைத்ததா என்பதை உரிமையாளரும் வாடகைக்கு எடுப்பவரும் இருவருமே பார்க்க வேண்டும். அன்று முதல், அடுத்த வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது எங்களோடு அவரையும் சேர்த்தே எண்ணிக்கை சொன்னோம். பத்துப் பேர் வருகிறோம் என்றோம்.

சேவையில் நேர்ந்த உண்மையான கோளாறு மதுரைக்கு வரும் வழியில் நடந்தது. மேலூருக்குச் சற்று முன்னால் ஏசியின் பெல்ட் அறுந்துவிட்டது. நடுப்பகல், அக்னி நட்சத்திர வெயில். அந்த வகை வேனில் கண்ணாடிகள் பாதிதான் திறக்கும். மாமியாருக்கு மூச்சு முட்டியது. ஈரத்துணியை நெற்றியில் போட்டு, தண்ணீரும் மோரும் கொடுத்துக்கொண்டே மீதி முப்பது கிலோமீட்டரையும் கடந்தோம். உரிமையாளரைக் கூப்பிட்டால், முதலில் “மெதுவா போயிடுங்க, மதுரையில பாத்துக்கலாம்” என்று சாதாரணமாகச் சொன்னார். இரண்டாம் முறை நான் சற்றுக் கடுமையாகப் பேசிய பிறகே, மதுரையில் தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை ஏற்பாடு செய்தார். பழுதுபார்க்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. செலவை அவரே ஏற்றுக்கொண்டார் என்றாலும் அன்றைய வாடகையில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. பெல்ட் வெடிப்பு விட்டிருந்ததை ஓட்டுநர் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தாராம். மே மாதத்தில் முதியவர்களை ஏற்றி அனுப்பப் போகிற வண்டியில் அதை மாற்றாமல் விட்டது பொறுப்பின்மை என்பதை உரிமையாளரிடம் நேரிலும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன்.

இத்தனை இருந்தும் இந்தச் சேவையை நான் நல்லது என்று சொல்வதற்குக் காரணம் பாளையங்கோட்டையில் நடந்தது. அங்கே இருப்பவர் என் அம்மாவின் தங்கை. இருவரும் நேரில் பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் விடியலில் குறுக்குத்துறையில் தாமிரபரணிக் குளியல். வண்டியைப் படித்துறைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நிறுத்தினார் ஓட்டுநர். அக்காவும் தங்கையும் முழங்காலளவு தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் நாங்கள் நாகர்கோவிலுக்குக் கிளம்பும் நேரத்தில் சித்தி வாசலில் நின்று அம்மாவின் கையை விடவில்லை. அப்போது ஓட்டுநர்தான் சொன்னார்: “சீட் மூணு காலியாத்தானே இருக்கு, சின்னம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போவோம். திரும்புறப்போ இந்த வழியாத்தான் வரணும், விட்டுட்டுப் போயிடலாம்.” பத்து நிமிடத்தில் சித்தி ஒரு கட்டைப்பையில் இரண்டு சேலைகளை எடுத்துவைத்துக்கொண்டு வந்துவிட்டார். மணை கீழே வந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று தொடங்கியிருந்தது. முப்பந்தல் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டோம். அம்மாவும் சித்தியும் முன்வரிசையில் தோளோடு தோள் சாய்ந்து, சின்ன வயதில் தங்கள் தகப்பனாரோடு மாட்டுவண்டியில் போன ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆள் எண்ணிக்கைக்குச் சரியாக வண்டி எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. ஒன்பது பேருக்குப் பன்னிரண்டு இருக்கை எதற்கு என்று பேரம் பேசும்போது நானே கேட்டவள். இப்போது யார் கேட்டாலும், உறவினரைப் பார்க்கப் போகிற வண்டியில் இரண்டு இருக்கையாவது கூடுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

சாமான் வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போகும்போது பின்பகுதி பாதிதான் நிரம்பியிருந்தது. வரும்போது பண்ருட்டிப் பலாப்பழம் போய், கும்பகோணத்து வடகம், கோட்டையூர்த் தோழி இரண்டு தூக்குகளில் அடைத்துக் கொடுத்த சீப்புச்சீடையும் தேன்குழலும், சித்தி பனையோலைப் பெட்டியில் தந்த உடன்குடிக் கருப்பட்டி, நாகர்கோவில் நண்பர் வீட்டு மட்டிப்பழத் தார், நேந்திரங்காய் வற்றல் என்று வண்டி நிறைந்துவிட்டது. மேலே கேரியர் இருக்கும் வண்டியாகப் பார்த்து எடுத்தது நல்லதாயிற்று. பெட்டிகளைத் தார்ப்பாய் போட்டு மேலே கட்டிவிட்டு, தின்பண்டங்களையும் பழத்தாரையும் உள்ளே வைத்துக்கொண்டோம்.

நாகர்கோவிலிலிருந்து கிளம்பி, சித்தியைப் பாளையங்கோட்டையில் இறக்கிவிட்டு, திருச்சி ஸ்ரீரங்கத்தில் மாமா வீடு வந்து சேர்வதற்குள் 370 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே நாளில் அவ்வளவு தூரம் வைத்தது எங்கள் திட்டத்தின் பிழை. நடுவில் விருதுநகர்ப் பக்கம் ஓரிரவு தங்கியிருக்க வேண்டும். ஓட்டுநர் மணிக்கு எண்பதைத் தாண்டவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி முகம் கழுவிக்கொண்டார்.

கணக்கு முடிக்கும்போது சுங்கக் கட்டணத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஃபாஸ்டேக் உரிமையாளருடைய கணக்கில் இருந்ததால் அவர் சொன்ன தொகையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த பட்டியலை, வழியில் என் மகள் நோட்டில் குறித்து வைத்திருந்த சுங்கச்சாவடிகளோடு ஒப்பிட்டபோது ஒரு சாவடி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளைக் காட்டும்படி கேட்டேன். பார்த்துவிட்டுத் தவற்றை ஒப்புக்கொண்டு மறுநாளே பணத்தைத் திருப்பி அனுப்பினார். வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் சாவடிகளைக் குறித்துவைக்கும் பொறுப்பை வண்டியில் யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்வது அவசியம்.

அடுத்த கோடைக்கும் இதே வண்டியைக் கேட்டிருக்கிறோம். புறப்படுவதற்கு முன் ஏசியை எங்கள் முன்னிலையில் ஒரு மணி நேரம் ஓட்டிக்காட்ட வேண்டும், ஓட்டுநர் தங்குவதற்கான செலவைப் பேட்டாவுக்கு வெளியே தனியாகப் பேசி முடிக்க வேண்டும், இந்த ஓட்டுநரே வர வேண்டும் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தோம். உரிமையாளர் ஒப்புக்கொண்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் முன்பணம் தந்தால் போதும் என்றார். சித்தி இந்த முறை பங்குனியிலேயே ரயிலேறித் தாம்பரம் வந்துவிடப் போகிறாராம், கும்பகோணத்து அத்தையைத் தாமும் பார்க்க வேண்டுமாம். பத்து இருக்கைக்கு ஆள் சேர்ந்துவிட்டது. இரண்டு காலியாக இருக்கின்றன.